ரெண்டுங்கெட்டான் டாக்டருங்களுக்கு ஒரு கிட்டங்கி போடுறது எப்படி

வார்டு ரவுண்ட்ஸ் முடிச்ச கையோட லேபுக்கு ஓடுறவங்க, லேப்ல சென்ட்ரிஃப்யூஜ் சுத்திக்கிட்டு இருக்கும்போதே கேஷுவால்டில இருந்து போன் வந்து திரும்பவும் ஓடுறவங்க, வைத்தியமும் ஆராய்ச்சியும் சேத்துப் பண்ற இவங்க ஒண்ணா உக்காந்து பேச ஒரு கூட்டம் ஆரம்பிக்கிறது எப்படின்னு சொல்லத்தான் இத எழுதுறேன். எம்பிபிஎஸ் படிக்கும்போதே, ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவருங்களுக்குன்னு குடுக்கற எஸ்டிஎஸ் ப்ராஜெக்ட் எடுத்திருக்கற தம்பி தங்கச்சிங்க, எம்டி தீசிஸ கருப்பு பைண்டிங் போட்டுக் குடுத்தாப் போதும்னு விடாம நெசமாவே ஒரு கேள்விக்குப் பதில் தேடுற பிஜிங்க (மேல்படிப்பு படிக்கிற டாக்டருங்க), எம்டி முடிச்சிட்டு அதுவும் போதாம பிஎச்டிக்குப் பதிஞ்சு வச்சிருக்கற என்ன மாதிரி ஆளுங்க, எல்லாரும் இதுல அடக்கம்.

நம்ம பாடு என்னன்னா, வார்டுல நம்மளப் பாத்தா "இது லேப் பைத்தியம்"ங்கிறாங்க, லேபுக்குப் போனா "டாக்டரம்மா வந்திருக்காக, நாலு நாள்ல கெளம்பிருவாக"ங்கிறாங்க. கூடப் படிச்சவன் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கோச்சிங்ல இருப்பான் இல்லன்னா சொந்தமா க்ளினிக் போட்டு கார் வாங்கிருப்பான், நீங்க அங்க ஒரு எலைசா டெஸ்ட் பிளேட்ட வச்சுக்கிட்டு, கலர் மாறவே கூடாத நெகட்டிவ் கன்ட்ரோலே ஏன் கலர் மாறுதுன்னு ராத்திரி 11 மணிக்கு முழிச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க, அதப் போய் யார்கிட்ட சொல்றது? வீட்ல சொன்னா எங்க அப்பத்தா கேட்ட மாதிரி "ஏத்தா, டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டு மறுபடி என்னத்தப் படிக்கிறே"ம்பாக.

இது நம்ம ஊரு கத மட்டும் இல்ல. அமெரிக்கால 1964லயே என்ஐஹெச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் காசு போட்டு எம்டியும் பிஎச்டியும் சேத்துப் படிக்க வைக்கிற எம்எஸ்டிபி திட்டத்த ஆரம்பிச்சாங்க, அப்படி இருந்தும் 1979ல வின்கார்டன்னு ஒரு பெரிய டாக்டர், ஆராய்ச்சி பண்ற டாக்டர் அழிஞ்சிக்கிட்டு வர்ற உயிரினம் மாதிரி ஆயிட்டாருன்னு எழுத வேண்டியதாப் போச்சு. 2003ல அங்க படிக்கிற புள்ளைங்களே ஒண்ணு சேந்து ஏபிஎஸ்ஏன்னு ஒரு சங்கம் வச்சாங்க, பெரியவங்க ஆரம்பிச்சுக் குடுக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல. நமக்கு இங்க எம்டி-பிஎச்டின்னு ஒரே படிப்பா இருக்கற எடம் ரொம்பக் கம்மி, முக்கால்வாசிப் பேரு தனித்தனியாத்தான் சேத்து ஒட்டிக்கிட்டு போறோம், அதனால நமக்கு இது இன்னும் கூடத் தேவை.

சரி விஷயத்துக்கு வர்றேன். நாங்க காரைக்குடில இந்த மாதிரி ஒரு கூட்டத்த ரெண்டு தடவ ஆரம்பிச்சோம். மொத தடவ ஊத்திக்கிச்சு. ரெண்டாவது தடவ நிக்கிது. மொத தடவ என்ன பண்ணோம்னா, பேரு வச்சோம், லோகோ போட்டோம், தலைவர் செயலாளர் பொருளாளர் போட்டோம், ஒரு பெரிய சாரக் கூப்பிட்டு குத்துவிளக்கு ஏத்தினோம், பொன்னாட போத்தினோம், போட்டோ எடுத்தோம். ரெண்டாவது கூட்டத்துக்கு நாலு பேரு, மூணாவதுக்கு நானும் பொருளாளரும், அவரு கணக்கு ஒப்படைக்க வந்தாரு.

ரெண்டாவது தடவ கிட்டங்கி மாதிரி பண்ணோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், நகரத்தார் பர்மா, மலாயா, சிங்கப்பூர்னு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போன காலத்துல ஒரே நீளமான கூடத்துல பல கடைக்காரங்க வரிசையா உக்காந்து தொழில் பண்ணுவாக, அதுதான் கிட்டங்கி. ஒவ்வொருத்தருக்கும் தனிப் பெட்டி, தனிக் கணக்கு, தனி முதல். ஆனா கூரை ஒண்ணு, சமையல் ஒண்ணு, கோயில் ஒண்ணு. பக்கத்துப் பெட்டிக்காரரு யாருக்குக் கடன் குடுத்து ஏமாந்தாருங்கறது சாயங்காலத்துக்குள்ள இவருக்குத் தெரிஞ்சுபோகும். பெட்டியடிப் பையனா போனவன் பாத்துப் பாத்தே அடுத்தாளா ஆயி அப்புறம் மேலாளா ஆவான், யாரும் தனியா க்ளாஸ் எடுக்கல. நமக்கு வேண்டியது சங்கம் இல்ல, இதுதான். அவங்கவங்க ஆராய்ச்சி அவங்கவங்களுது, உக்கார்ற எடம் மட்டும் ஒண்ணு.

ஆள் சேக்குறது

மூணு பேர் போதும் ஆரம்பிக்க. முப்பது பேர் இருக்கற வாட்ஸப் குரூப்ப விட, நேர்ல வர்ற மூணு பேரு எவ்வளவோ மேல். ஆனா மூணு பேரும் ஒரே டிபார்ட்மெண்டா இருந்தா அது வெறும் டீ கடை அரட்டை ஆயிரும், கலந்து பிடிங்க. இந்தப் பக்கம் சிவகங்கைல 2012ல கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, புதுக்கோட்டைல 2017ல வந்துச்சு, மதுரை எப்பவும் இருக்கு, நடுவுல காரைக்குடில அழகப்பா யுனிவர்சிட்டியும் சிக்ரிங்கற மத்திய அரசு எலெக்ட்ரோகெமிக்கல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கு, அதாவது நோயாளியும் லேபும் ஒரு பஸ் டிக்கெட் தூரத்துலதான் இருக்கு, ஒருத்தர ஒருத்தர் தெரியாம இருந்ததுதான் கொறை.

சிக்ரியப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1948ல நேரு அடிக்கல் நட்டது, அழகப்ப செட்டியாரு 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூவாயும் குடுத்து இந்தப் பொட்டக்காட்டுக்கு அத வரவழைச்சாரு, 1953ல தொறந்தாங்க. சின்ன வயசுல இருந்து காம்பவுண்டு சுவத்தப் பாத்துக்கிட்டே பஸ்ல போயிருக்கேன், பேட்டரி பத்தி ஏதோ பண்றாங்கன்னு மட்டும்தான் தெரியும். நாம தெனம் வார்டுல குத்திப் பாக்குற சுகர் ஸ்ட்ரிப் ஒரு எலெக்ட்ரோகெமிக்கல் சென்சார்ங்கறது எம்டி முடிச்ச பிறகு, எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி படிக்கிற ஒரு பையன் எங்க திண்ணைல உக்காந்து சொல்லித்தான் மண்டைல ஏறுச்சு. ரத்தசோகை அதிகமா இருக்கற ஆளுக்கு அந்த ஸ்ட்ரிப் சுகர கூட்டிக் காட்டும்னு புஸ்தகத்துல படிச்சிருப்போம், ஏன்னு அவன் ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சப்பதான் டயாலிசிஸ் பேஷண்டோட சார்ட்டெல்லாம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

எங்க தேடுறதுன்னா, ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற எத்திக்ஸ் கமிட்டி ஆபீஸ் வாசல்ல ஃபைலோட நிக்கிறவங்கள, எஸ்டிஎஸ்ஸுக்கு கைடு கெடைக்காம டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா அலையிற ரெண்டாம் வருஷ எம்பிபிஎஸ் புள்ளைங்கள, பயோடெக் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஸ்காலருங்கள. கம்யூனிட்டி மெடிசின்ல இருந்து ஒருத்தர் கண்டிப்பா வேணும், சாம்பிள் சைஸ் (ஆராய்ச்சிக்கு எத்தன பேரு வேணும்னு கணக்கு) போடத் தெரிஞ்ச ஒரு ஆள் கூட்டத்துல இருந்தா மத்தவங்க தானா வருவாங்க, பணியாரத்துக்கு எறும்பு வர்ற மாதிரி. "சர்ட்டிபிகேட் குடுப்பீங்களா"ன்னு மொதக் கேள்வி கேக்குறவங்களுக்கு சிரிச்சிக்கிட்டே தண்ணி குடுத்து அனுப்பிருங்க.

எடமும் நேரமும்

மொத தடவ நாங்க தோத்ததுக்குப் பாதிக் காரணம் நேரம். சனிக்கெழம சாயங்காலம் 6 மணின்னு வச்சோம், ரெண்டு பேருக்கு அன்னைக்கு அட்மிஷன் டே, ஒரு அக்காவுக்கு கைக்கொழந்தை, சிவகங்கைல இருந்து வர்ற பொண்ணுக்கு திரும்பிப் போக பஸ் பயம். இப்ப என்ன பண்றோம்னா மாசக் கடைசில எல்லாரோட டூட்டி ரோஸ்டரையும் ஒரே பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு ரெண்டு ஞாயித்துக்கெழம முடிவு பண்ணுவோம், மத்தியானம் 3 மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சரைக்கு எந்திரிச்சிருவோம், பேச்சு பாதில நின்னாலும் சரி. பொழுது சாயறதுக்குள்ள பொண்ணுங்க பஸ் ஏறணும், அப்பத்தான் அடுத்த தடவ வீட்ல விடுவாங்க, இத சாதாரணமா நெனைக்காதீங்க. நைட் டூட்டி முடிச்சு வர்றவன் மூலைல பாய விரிச்சுப் படுத்துக்கலாம், அதுக்கு அனுமதி உண்டு, ஒருத்தன் ரெண்டு மாசம் தூங்குறதுக்கே வந்தான், மூணாவது மாசம் முழிச்சிருந்தான்.

எடம் காலேஜுக்குள்ள வேணாம். செமினார் ஹால்னா லெட்டர் குடுக்கணும், கையெழுத்து வாங்கணும், அப்புறம் யாரு வந்தாக யாரு வரலன்னு கணக்கு. எங்களுக்கு ஒரு ஆச்சி வீட்டுப் பட்டாலை, அதாவது கூடம் கெடச்சுச்சு, புள்ளைங்கல்லாம் வெளிநாட்டுல, அவ்வளவு பெரிய வீட்ல ஆச்சியும் ஒரு வேலைக்கார அம்மாவும்தான், வளவுல, அதான் நடு முத்தத்துல, வெயில் விழுந்து கெடக்கும், ஆத்தங்குடிக் கல்லுத் தரைல உக்காந்தா ஏசியே வேணாம், கரண்ட் போனாலும் கவல இல்ல. இந்தப் பக்கம் இப்படிப் பூட்டிக் கெடக்குற வீடும் பாதி பூட்டின வீடும் ஏராளம், கேட்டுப் பாருங்க, பெருசுங்களுக்கும் பேச்சுத்துணை. ஆச்சி மொத நாள் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் குடுத்துட்டு "எல்லாரும் டாக்டரா, அப்ப எனக்கு இந்த முட்டி வலிக்கு ஒரு வழி சொல்லுங்க"ன்னாக, எட்டுப் பேரு எட்டு விதமாச் சொன்னோம், ஆச்சி நல்லெண்ணெயத்தான் இன்னும் தேய்ச்சிக்கிட்டு இருக்காக.

வீடு கெடைக்கலன்னா நூலகம், கல்யாண மண்டபத்து டைனிங் ஹால், எதுவும் சரிதான். ஆனா ஒரே எடமா இருக்கணும். தடவைக்கு ஒரு எடம்னு மாத்துனீங்கன்னா லொக்கேஷன் அனுப்புறதுலயே உசுரு போயிரும்.

உக்காந்து என்ன பண்றது

இதுலதான் எல்லாம் இருக்கு. பவர்பாயிண்ட் கூடாது. பவர்பாயிண்ட் வந்தாலே ஆளு வெறச்சுப் போயி க்ளாஸ் எடுக்க ஆரம்பிச்சிருவான், மத்தவன் போன எடுத்துருவான். நாங்க இதுக்கு "பெட்டியத் தொறக்கறது"ன்னு பேரு வச்சிருக்கோம். ஒரு தடவைக்கு ரெண்டே ரெண்டு பேரு. ஆளுக்கு அரை மணி நேரம் முக்கா மணி நேரம். கொண்டுவர வேண்டியது முடிஞ்ச வேலைய இல்ல, நட்டு கழண்டு நிக்கிற வேலைய. ஜெல் போட்டோ, கேஸ் ப்ரொஃபார்மா, எக்செல் ஷீட்டு பிரிண்ட், ரிவியூவர் திட்டின கடுதாசி, எதுவானாலும் தரைல பரப்பி வச்சிரணும். மொதக் கேள்வி கூட்டத்துலயே சின்ன ஆளு கேக்கணும், இது எங்க சட்டம், மீற முடியாது, ஏன்னா பெரியவங்க மொதல்ல பேசிட்டா சின்னவங்க வாயே தொறக்க மாட்டாங்க.

இந்தச் சட்டம் ஏன் முக்கியம்னு ஒரு கதையாச் சொல்றேன். ஒரு பிஜி தம்பிக்கு பாம்புக்கடி தீசிஸ். இந்தப் பக்கம் வயக்காட்டுலயும் கருவக்காட்டுலயும் வேல பாக்குறவங்க நெறைய, கேஸுக்குப் பஞ்சமில்ல. கண்ணாடிவிரியனோ சுருட்டையோ கடிச்சா ரத்தம் உறையாமப் போகும், அதக் கண்டுபிடிக்க ஒரு சுளுவான டெஸ்ட் இருக்கு, ரெண்டு மில்லி ரத்தத்த ஒரு கண்ணாடி ட்யூப்ல விட்டு 20 நிமிஷம் ஆட்டாம வச்சிருந்து, ஒரே ஒரு தடவ சாய்ச்சுப் பாக்கணும். கட்டியா நின்னா சரி, தண்ணியா ஓடுனா விஷம் ரத்தத்துல வேலையக் காட்டுது, ஏஎஸ்விங்கற விஷமுறிவு மருந்து போட்டாகணும். நம்ம தம்பி கொண்டுவந்த ஷீட்டுல பத்துப் பன்னெண்டு பேருக்கு "உறையல"ன்னு இருக்கு, ஆனா அதே ஆளுங்களுக்கு லேப்ல பாத்த ஐஎன்ஆர் (ரத்தம் உறையிறதப் பாக்குற இன்னொரு டெஸ்ட்) நார்மல், எங்கயும் ரத்தக் கசிவும் இல்ல. ஏன் ஒத்துவரலன்னு டிஸ்கஷன் எழுத அவன் ஒரு வாரமா மண்டையப் பிச்சிக்கிட்டு இருந்தான், பாம்புல வகை வேறயா, நேரம் வேறயான்னு எம்டி படிச்ச நாங்கல்லாம் ஆளாளுக்கு அறிவாளித்தனமா ஒண்ணொண்ணு சொல்லத் தயாரா உக்காந்திருக்கோம்.

மொதக் கேள்வி பயோகெமிஸ்ட்ரி ஸ்காலர் பொண்ணோடது, சேந்து ரெண்டு மாசம்தான் இருக்கும். "அண்ணே, அந்த ட்யூப் எங்கருந்து வருது?"

அவனுக்குத் தெரியல. வார்டுல இருக்கும், எடுப்பேன்னான். புதுசா கழுவுனதான்னு கேட்டுச்சு. அதுவும் தெரியல. அப்புறம்தான் அந்தப் பொண்ணு சொல்லுச்சு, ரத்தம் உறையிறதுக்குத் தூண்டிவிடுறதே அந்தக் கண்ணாடியோட மேற்பரப்புதான், அதுல சோப்பு படிஞ்சிருந்தா ரத்தம் கண்ணாடியத் தொடவே தொடாது, பிளாஸ்டிக் ட்யூப்னாலும் இதே கததான். மறுநாள் காலைல அவன் வார்டுக்குப் போயி சும்மா ஒரு ஓரமா நின்னு பாத்திருக்கான். ஒரு நீல வாளில சோப்புப் பவுடர் தண்ணி, அதுல பழைய ட்யூபெல்லாம் ஊறுது, கழுவி ஜன்னல் கட்டைல தலைகீழாக் கவுத்து வெயில்ல காய வச்சிருக்காங்க, பாக்க பளிச்சுன்னு அவ்வளவு சுத்தமா இருக்கு. கழுவுனவங்க மேல தப்பே இல்ல, அவங்க பங்குக்கு ஒழுங்காத்தான் பண்ணியிருக்காங்க, யாரும் வேற மாதிரி சொல்லித் தரல. புது ட்யூப் வாங்கி வைக்கச் சொல்லி யூனிட் சாருகிட்ட பேசி, அன்னைல இருந்து புது ட்யூப்தான். பழைய கேஸ் எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து கேஸ் சேத்தான், நாலு மாசம் போச்சு, கண்ணுல தண்ணி. ஆனா தேவையில்லாம ஏஎஸ்வி ஏறி அலர்ஜில ஒடம்பு நடுங்குன ஒரு கெழவர அவன்தான் போன மாசம் பாத்திருந்தான், அத நெனச்சப்ப நாலு மாசம் பெருசாத் தெரியலன்னான். இத தீசிஸ்ல மறைக்காம எழுதவும் செஞ்சான்.

எங்க கூட்டத்துக்கு உசுரு வந்தது அன்னைக்கு அந்த அரை மணி நேரத்துலதான். அதுக்கப்புறம் யாரையும் "வாங்க வாங்க"ன்னு கூப்பிட வேண்டி இருக்கல.

பெட்டி தொறக்க யாருக்கும் ஒண்ணும் இல்லாத நாள்ல ஒரு பேப்பர் படிப்போம். புதுசா வந்த பளபளா பேப்பர் வேணாம், நம்ம மண்ணுல நடந்ததுல இருந்து ஆரம்பிங்க. 1956ல சென்னைல காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சு, 1959ல ஒரு முடிவு வெளியிட்டாங்க, சானடோரியத்துல படுக்கவச்சு ஒரு வருஷம் மருந்து குடுத்தவங்களும், குடிசைல இருந்துக்கிட்டே அதே மருந்து சாப்பிட்டவங்களும் ஏறக்கொறைய ஒரே மாதிரி தேறியிருக்காங்க, வீட்ல கூட இருந்தவங்களுக்கும் அதனால கூடுதலா நோய் தொத்தல. உலகம் முழுக்க டிபி வைத்தியமே மாறிப்போச்சு. ஏழ நோயாளிங்க, கையில இருக்கற வசதி, ஒரு தெளிவான கேள்வி, அவ்வளவுதான். ஜீன் சீக்வென்சர் இல்லாம நாம என்ன பண்ணிர முடியும்னு அழுவுற எம்பிபிஎஸ் தம்பிகளுக்கு இத மொதல்ல குடுங்க.

மொய் நோட்டு

எல்லாக் கூட்டமும் ஒடையிறது ஒரே எடத்துலதான், ரெண்டு பேரு மட்டும் எல்லாருக்கும் ஒழைப்பாங்க, மத்தவங்க வாங்கிக்கிட்டே இருப்பாங்க, அந்த ரெண்டு பேரும் ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம நின்னுருவாங்க. எங்க கம்யூனிட்டி மெடிசின் அக்காதான் அப்படி ஆகப் பாத்துச்சு, வாரத்துக்கு நாலு பேரு "அக்கா ஒரு சின்ன டவுட்டு, பி வேல்யூ மட்டும்"னு போன்.

அதுக்கு நாங்க கண்டுபிடிச்சது மொய் நோட்டு. புதுக்கோட்ட, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்கல்ல, வட்டியில்லாம ஊரே சேந்து ஒருத்தனத் தூக்கிவிடும், ஆனா யாரு எவ்வளவு செஞ்சாங்கன்னு நோட்டுல இருக்கும், திருப்பிச் செய்யலன்னா மூஞ்சில முழிக்க முடியாது. அதே மாதிரி ஒரு நீள நோட்டு, ஆச்சி வீட்ல அலமாரில இருக்கும். "இன்னார் இன்னாருக்கு சாம்பிள் சைஸ் போட்டுக் குடுத்தது, 2 மணி நேரம்." "இன்னார் இன்னாருக்கு ஞாயித்துக்கெழம டூட்டி பாத்தது." "மைனஸ் 80 ஃப்ரீசர்ல ஒரு ட்ரே எடம் குடுத்தது." "ட்ராஃப்ட் படிச்சு இங்கிலீஷ் திருத்துனது." திருப்பிச் செய்யிறது அதே ஆளுக்கே செய்யணும்னு இல்ல, கூட்டத்துல யாருக்கு வேணா செய்யலாம். எம்பிபிஎஸ் புள்ளைங்களுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதீங்க, டேட்டா என்ட்ரில தப்பு கண்டுபிடிக்க அதுங்களவிட ஆளு கெடையாது. மூணு மாசம் ஒரு பக்கம் வாங்குனது மட்டுமே இருந்தா நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், நோட்ட மட்டும் அவன் முன்னாடி தொறந்து வைப்போம்.

காசு விஷயம் சீக்கிரம் சொல்லிட்டுப் போறேன். சந்தா வேணாம். டீத்தூள், பால், சர்க்கரை, ஆளுக்கு இருபது ரூவா டப்பால போட்டா போதும், ஸ்டைபெண்ட் வராத மாசம் போட வேணாம், யாரு போட்டா யாரு போடலன்னு பாக்காதீங்க. ஸ்பான்சர் எவனாவது பேனரோட வந்தா வேணாம்னுருங்க.

பெரிய சாருங்கள என்ன பண்றது

வேணும், ஆனா எப்பவும் வேணாம். ஹெச்ஓடி (டிபார்ட்மெண்ட் தலைவர்) ஒருத்தர் ஓரத்துல சும்மா உக்காந்திருந்தாலே போதும், பெட்டி தொறக்காது, எல்லாரும் தொறந்து மூடுன மாதிரி நடிப்பாங்க. நாங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஒரு சீனியரக் கூப்பிடுவோம், ஒரே நிபந்தன, அவரும் ஒரு பெட்டி கொண்டு வரணும், அவரோட சொதப்பல் ஒண்ணச் சொல்லணும். மொதல்ல சங்கடப்பட்டாங்க, அப்புறம் நிறுத்த முடியல. தலமுடி நரைச்ச ஒரு ப்ரொஃபசரு, தன்னோட மொத பேப்பர் ஏழு எடத்துல திரும்பி வந்த கதைய சீப்புச் சீடைய நொறுக்கிக்கிட்டே சொன்னாரு, அன்னைக்கு ராத்திரி மூணு பேரு கெடப்புல போட்ட ட்ராஃப்ட்ட எடுத்துட்டாங்க.

ஆனா உங்க கைடுக்குத் தெரியாம எதுவும் செய்யாதீங்க. "என் ஸ்டூடண்ட் டேட்டாவ வெளில கொண்டுபோறான்"னு ஒரு பேச்சு கெளம்பிருச்சுன்னா அவ்வளவுதான். மொதல்லயே போயி, சார் இந்த மாதிரி ஒண்ணா உக்காந்து படிக்கிறோம், நோயாளி பேரு நம்பர் எதுவும் இருக்காதுன்னு சொல்லிருங்க. அத மாதிரியே நடந்துக்கவும் செய்ங்க. எங்க வாட்ஸப் குரூப்ல மூணே சட்டம்தான்: நோயாளி மூஞ்சி, பேரு, ஐபி நம்பர் (ஆஸ்பத்திரில சேக்கும்போது குடுக்கற நம்பர்) தெரியிற எதுவும் போடக்கூடாது, குட்மார்னிங் போடக்கூடாது, அடுத்தவங்க டேட்டாவ ஃபார்வர்ட் பண்ணக்கூடாது. மொத சட்டத்த ஒரு தடவ மீறுனாலே வெளில. இது சின்ன ஊரு, எக்ஸ்ரே ஓரத்துல இருக்கற இனிஷியல வச்சே இது எங்க சித்தப்பா இல்லயான்னு கேக்க ஆளு இருக்கு.

பேரு போடுற சண்டையும் மொதல்லயே பேசிருங்க. டீ குடிச்சிக்கிட்டே யோசன சொன்னவன் எல்லாம் ஆத்தர் ஆக முடியாது. வேலைல உருப்படியான பங்கு, எழுதுறதுல இல்ல திருத்துறதுல பங்கு, கடைசி வடிவத்துக்கு சம்மதம், எவன் கேள்வி கேட்டாலும் பொறுப்பா நிக்கிற தைரியம், மருத்துவப் பத்திரிகை ஆசிரியருங்களோட அமைப்பான ஐசிஎம்ஜேஇ சொல்ற இந்த நாலும் இருக்கறவன்தான் ஆத்தர், மத்தவங்களுக்கு நன்றி பக்கம் இருக்கு. ட்யூப் எங்கருந்து வருதுன்னு கேட்ட பொண்ணுக்கு என்னங்கறீங்களா? தம்பி அதக் கூப்பிட்டு ரெண்டாவது கட்ட வேலைலயே சேத்துக்கிட்டான், இப்ப அந்த வேல ரெண்டு பேரு பேர்லயும் போகப் போகுது.

மொத ஆறு மாசத்துக்கு வேல

கூட்டம் புதுசா இருக்கும்போது எல்லாருக்கும் பொதுவா உள்ள தலைவலிய எடுத்துக்கிட்டா ஒட்டிக்கிரும். ஐசிஎம்ஆரோட சென்னை என்ஐஈ (தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்துற பிசிபிஆர்ங்கற, ஆராய்ச்சி செய்யிறதப் பத்தின ஆன்லைன் கோர்ஸ் பிஜிங்க எல்லாருக்கும் கட்டாயம், தனியா ஒக்காந்தா வீடியோ ஓடும் நாம தூங்குவோம், நாங்க அத சேந்து பாத்து முடிச்சோம். அடுத்தது சிடிஆர்ஐ, அதாவது மருந்துப் பரிசோதனைகளப் பதியிற அரசுப் பதிவேடு, தீசிஸ்ல ஏதாவது மருந்து குடுத்து ஒப்பிட்டுப் பாக்குறீங்கன்னா மொத நோயாளிய சேக்குறதுக்கு முன்னாடியே அதுல பதியணும், காசு கெடையாது, ஆனா ஃபாரம் பெருசு, ஏற்கனவே பதிஞ்சவரு ஒருத்தர் பக்கத்துல இருந்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும், இல்லன்னா கேள்வி மேல கேள்வி வந்து மாசக்கணக்குல இழுக்கும். பின்னாடி பதிஞ்சிக்கலாம்னு விட்டவங்க யாரும் நல்லா இருந்து நான் பாக்கல. 1979ல இருந்து நடக்குற எஸ்டிஎஸ்ஸுக்கு எம்பிபிஎஸ் புள்ளைங்க எழுதுற ப்ரொபோசல பிஜிங்க படிச்சுத் திருத்துங்க, ரெண்டு மாச ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு வருஷக் கேள்வியக் கொண்டு வருவாங்க, அத வெட்டுறதுதான் நம்ம வேல. காசு கட்டுனா மூணு நாள்ல பப்ளிஷ்னு வர்ற மெயிலெல்லாம் குரூப்ல போட்டு சேந்து சிரிங்க, தனியா இருக்கறவன்தான் அதுல விழுவான்.

ஆளக் காணோம்னா

ரெண்டு தடவ தொடர்ச்சியா ஒருத்தர் வரலன்னா மெசேஜ் போடாதீங்க, போங்க. ஹாஸ்டல் ரூமுக்கோ டூட்டி ரூமுக்கோ நேர்ல போயி ஒரு டீ வாங்கிக் குடுங்க. "ஏன் வரல"ன்னு கேக்காதீங்க, "சாப்பிட்டியா"ன்னு கேளுங்க. நம்ம ஆளுங்களுக்கு வார்டுல ஒரு சாவு, லேப்ல ஒரு கண்டாமினேஷன், வீட்ல கல்யாணப் பேச்சு, மூணும் ஒரே வாரத்துல வரும், நான் போயிருக்கேன் அந்த வழியா, கதவத் தட்டுனது அந்த கம்யூனிட்டி மெடிசின் அக்காதான், கைல ரெண்டு பொட்டலம் இட்லி. பேச்சுல வேற மாதிரி ஏதும் தெரிஞ்சா, இருக்கவே பிடிக்கல அது இதுன்னு வந்தா, தைரியம் சொல்லிட்டு வந்துராதீங்க, தனியா விடாதீங்க, கூடவே இருந்து சைக்கியாட்ரி ஆளு ஒருத்தர்கிட்ட கூட்டிக்கிட்டு போங்க, மனநல உதவிக்கு 14416ங்கற டெலிமானஸ் நம்பர் ராப்பகலா இருக்கு. டாக்டருக்கு டாக்டர் எதுக்குன்னு கேக்குறதெல்லாம் விட்டுரணும்.

கணக்கு முடிக்கிறது

கொண்டுவிக்கப் போனவக மூணு வருஷம் இருந்து கணக்கு முடிச்சு அடுத்த ஆளுகிட்ட பெட்டிய ஒப்படைச்சிட்டு ஊருக்குத் திரும்புவாக. நம்ம எம்டியும் மூணு வருஷம்தான். அதனால நடத்துறவங்க போய்த்தான் ஆவாங்கன்னு மொத நாள்லயே வச்சு வேலையப் பிரிங்க. எங்க கூட்டத்துல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளும் ஒரு அடுத்தாளும் உண்டு, ரோஸ்டர் சேக்குறது, டீ, நோட்டு, ஆச்சிகிட்ட சாவி வாங்குறது, எல்லாத்துக்கும். மூணாம் வருஷம் பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்கும்போது அடுத்தாள் கைக்கு மாறிரணும், பெரியவங்க அப்புறம் வரலாம், ஆனா வாயத் தொறந்து "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கக் கூடாது.

போன தடவ பாம்புக்கடி தம்பி பரீட்ச முடிச்சு விடிகாலை பல்லவன் ரயில்ல சென்னைக்குக் கெளம்புறதுக்கு மொத நாள் வந்து நோட்ட ஒப்படைச்சான். கடைசிப் பக்கத்துல வரவு செலவு நேர் பண்ணப் பாத்தா அவன் வாங்குனது கொஞ்சம் கூடவே இருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம ஒரு அட்டைப் பெட்டிய எடுத்து அடுத்தாள் கைல குடுத்தான், உள்ள நூறு புது கண்ணாடி ட்யூப். நோட்டுல அத எப்படி எழுதுறதுன்னு எங்களுக்குள்ள இன்னும் முடிவாகல, ஆச்சி மட்டும் "மொய்யினே எழுதுங்க"ங்கிறாக.